பெரிய கேட்டலாக்கை அப்கிரேட் செய்ய மார்கழிதான் நல்ல மாதம்

அடோபியின் போட்டோ எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரே கேட்டலாக்தான். 2009 முதல் எடுத்த கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் எல்லாம் அதில் இருக்கின்றன. இன்றைய கணக்குக்கு 4,12,000 படங்கள். லைட்ரூமின் புதிய பதிப்பு வரும்போது இத்தனை பெரிதை அதற்கேற்றபடி எப்படி அப்கிரேட் செய்கிறீர்கள், பயமாக இல்லையா என்று தொழிலில் இருக்கும் தம்பிகள் கேட்கிறார்கள். பயம் உண்டு. அதனால்தான் கீழே சொல்லும் வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

முதலில் ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். கேட்டலாக்குக்குள் படம் எதுவும் கிடையாது. அது ஒரு கணக்குப் புத்தகம். எந்தப் படம் எந்த டிஸ்கில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதற்கு என்ன கலர் வைத்தோம், எவ்வளவு கிராப் செய்தோம், என்ன கீவேர்டு போட்டோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்ஆர்கேட் (.lrcat) என்று முடியும் அந்தக் கோப்பு, உள்ளே பார்த்தால் ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ். எங்களுடையது 7 ஜிபி. 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து எல்ஆர்கேட்-டேட்டா என்று இன்னொன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. மாஸ்க், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தக் குறித்த இடம், அதன் விவரங்கள் அதில்தான் சேர்கின்றன. கேட்டலாக்கை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும்போது எல்ஆர்கேட்டை மட்டும் தூக்கிப்போனால் அந்த விவரங்கள் வராது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். படங்களைச் சட்டென்று காட்ட உருவாக்கி வைக்கும் பிரிவியூ ஃபோல்டரை விட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, லைட்ரூம் திரும்ப உருவாக்கிக்கொள்ளும். மாஸ்க் அப்படி வராது.

எப்போது செய்வது? 2020 முதல் 2024 வரை ஒவ்வொரு பெரிய பதிப்பும் அக்டோபரில்தான் வந்தது. நமக்கு அது ஐப்பசி முகூர்த்தம் தொடங்கும் நேரம். அந்தச் சமயத்தில் கை வைக்கவே கூடாது. ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிடுங்கள். கார்த்திகை முகூர்த்தங்கள் முடிந்து ஆல்பம் வேலையும் ஓரளவு தீர்ந்த பிறகு, மார்கழி முதல் வாரத்தில் உட்காருங்கள். அதற்குள் புதிய பதிப்பின் ஆரம்பக் கோளாறுகளைச் சரிசெய்து ஒரு சின்ன அப்டேட்டாவது வந்திருக்கும். தை பிறக்கும்வரை ஒரு மாதம் கையில் இருக்கும்.

வேலையைப் பழைய பதிப்பிலேயே தொடங்க வேண்டும். வெளியேறும்போது வரும் பேக்கப் பெட்டியில் இன்டெக்ரிட்டி சோதனை, ஆப்டிமைஸ் இரண்டையும் டிக் செய்து ஒரு பேக்கப் எடுங்கள். கேட்டலாக்கில் ஏதாவது பழுது இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். பழுதோடு அப்கிரேடுக்குப் போகாதீர்கள். அப்புறம் லைட்ரூமை மூடுங்கள். மூடிவிட்டதா என்று ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். லாக் (lock), வால் (wal) என்று முடியும் கோப்புகள் அங்கே இருந்தால் லைட்ரூம் இன்னும் முழுசாக மூடவில்லை என்று அர்த்தம். அவை மறையும்வரை காத்திருந்து, பிறகு மொத்த ஃபோல்டரையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். வால் கோப்பு இருக்கும்போது எடுத்த காப்பியில் கடைசியாகச் செய்த வேலை சேராமல் போகலாம்.

இதோடு நிறுத்தாமல் நான் ஒரு ஒத்திகையும் பார்ப்பேன். ஒரே சந்தாவை இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்பதால், புதிய பதிப்பை முதலில் லேப்டாப்பில் மட்டும் ஏற்றுவேன். காப்பி எடுத்த கேட்டலாக்கை அதில் திறந்து அப்கிரேட் செய்து பார்ப்பேன். படங்களுக்கு பேக்கப் டிஸ்கைத்தான் மாட்ட வேண்டும், வேலை செய்யும் டிஸ்கை மாட்டாதீர்கள். திருத்த விவரங்களைப் படத்தோடு சேர்த்து எக்ஸ்எம்பி-யில் (XMP) தானாக எழுதும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், ஒத்திகையில் செய்யும் மாற்றம் அசல் படங்களோடு போய் ஒட்டிக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு கல்யாணம் எடுத்து, அதில் பத்துப் படங்களைத் திருத்தம் செய்யும் பகுதியான டெவலப்பில் திறந்து பாருங்கள். கலர் மாறியிருக்கிறதா, மாஸ்க் இருக்கிறதா, ஆல்பம் டிசைனுக்கு வைத்திருக்கும் பிளகின் ஓடுகிறதா என்பதைக் கவனித்தால் போதும்.

ஒத்திகை சரி என்றால் ஸ்டுடியோ மெஷினுக்கு வரலாம். கேட்டலாக் உள் எஸ்எஸ்டி-யில் இருக்கட்டும். நெட்வொர்க் டிரைவில் வைத்தால் லைட்ரூம் கிளாசிக் திறக்கவே திறக்காது. அப்கிரேட் பழைய கோப்பைத் தொடாமல் புதிதாக ஒன்றை எழுதுகிறது, ஆகவே கேட்டலாக்கைப் போல மூன்று மடங்காவது இடம் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறதா பாருங்கள். பட்டனை அழுத்திவிட்டால் எழுந்து போய்விட வேண்டும். எங்கள் மெஷினில் போன தடவை முக்கால் மணி நேரம் ஆனது, அதில் பதினைந்து நிமிடம் பட்டை அசையவே இல்லை. தொங்கிவிட்டது என்று நினைத்து யாரும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கக் கூடாது.

முடிந்ததும் முகம் கண்டறிதல், முகவரி தேடல் இரண்டும் ஓடுகின்றனவா என்று மேலே இடது மூலையில் பார்த்து நிறுத்துங்கள். நான்கு லட்சம் படத்தில் அவை நாள்கணக்கில் ஓடும். புதிய பதிப்பு மெதுவாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பலர் இதைத்தான் கவனிப்பதில்லை.

அடுத்தது, நான் கண்ணீர் விடாத குறையாகக் கற்றுக்கொண்டது. அப்கிரேட் ஆன கேட்டலாக்கின் பெயர் கடைசியில் வி12, வி13 என்று பதிப்பு எண் ஒட்டிக்கொள்ளும். பழையது அழியாமல் அப்படியே கிடக்கும். ஒரு வருடம் பழைய கேட்டலாக்கைத் திறக்கும் ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பில் விட்டுவிட்டேன். எங்கள் எடிட்டிங் பையன் அதை அழுத்த, லைட்ரூம் திரும்ப அப்கிரேட் செய்யட்டுமா என்று கேட்க, அவன் சரி கொடுத்துவிட்டான். இரண்டு கல்யாணத்தின் செலக்‌ஷன் இன்னொரு கேட்டலாக்கில் போய்ச் சேர்ந்தது. ஆறு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கேட்டலாக்கில் இரண்டு ஃபோல்டரை மட்டும் தேர்ந்து, தனிக் கேட்டலாக்காக எக்ஸ்போர்ட் செய்து, பெரியதில் 'இம்போர்ட் ஃப்ரம் அனதர் கேட்டலாக்' வழியாகச் சேர்த்தோம். எல்லாம் வந்துவிட்டது, ஆனால் அந்த ராத்திரி தூக்கம் போனது போனதுதான். இப்போது அப்கிரேட் முடிந்த அதே மணி நேரத்தில் பழையதை ஜிப் செய்து வேறு டிஸ்குக்கு அனுப்பிவிடுகிறேன். பிரிஃபரன்ஸில் எந்தக் கேட்டலாக் திறக்க வேண்டும் என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு, வருடத்துக்கு ஒரு கேட்டலாக் என்று பிரிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பிரிக்கலாம். நான் பிரிக்க மாட்டேன். சென்ற ஆவணியில் ஒரு பெண் போன் செய்தார். "அண்ணா, எங்க அப்பா தவறிட்டாங்க. என் கல்யாணத்துல எடுத்த படம் ஏதாவது பெருசா போட முடியுமா?" எந்த வருடம் என்று உடனே சொல்ல அவருக்கு வரவில்லை, அழுதுகொண்டிருந்தார். ஊர் பெயரையும் 'பெண்ணின் அப்பா' என்ற கீவேர்டையும் போட்டுத் தேடினேன். 2013 பிப்ரவரி, தாரை வார்த்த கையோடு அவர் நிமிர்ந்து மகளைப் பார்க்கும் ஒரு படம். போன் வைப்பதற்குள் எடுத்துவிட்டேன். பதினைந்துக்கும் மேற்பட்ட கேட்டலாக்கை ஒவ்வொன்றாகத் திறந்து இதைச் செய்ய முடியாது. அதனால் ஆல்பம் செலக்‌ஷன் முடிந்த அன்றே பெண்ணின் அப்பா, அம்மா, மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, தாய்மாமன் என்று நல்ல படங்களுக்குக் கீவேர்டு போட்டுவிடுங்கள். ஒரு கல்யாணத்துக்கு இருபது நிமிட வேலை.

படங்களின் எண்ணிக்கைக்கு அடோபி வரம்பு எதுவும் வைக்கவில்லை. கேட்டலாக் மந்தமாகிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க் நிறைந்திருக்கும். எங்களிடம் பிரிவியூ மட்டும் 310 ஜிபி ஆகியிருந்தது. கேட்டலாக் செட்டிங்கில் ஒன்றுக்கு ஒன்று (1:1, படத்தின் முழு அளவு) பிரிவியூவை 30 நாளில் அழிக்கச் சொன்னதும் பாதிக்குக் கீழே இறங்கியது. எக்ஸ் அழுத்தி ஒதுக்கிய படங்களை ஆல்பம் டெலிவரி ஆன பிறகு டிஸ்கிலிருந்தே நீக்கிவிடுகிறோம்.

ஃபோல்டர் மேல் கேள்விக்குறி வந்தால் பதற வேண்டாம். விண்டோஸில் டிஸ்கின் எழுத்து ஈ-யிலிருந்து எஃப்-க்கு மாறியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே கொடுத்தால் எல்லாம் ஒரே நொடியில் திரும்பிவிடும். பதறிப்போய் படங்களை மறுபடி இம்போர்ட் செய்துவிட்டால்தான் தொல்லை, செய்த திருத்தம் எதுவும் இல்லாத இரட்டைப் பிரதிகள் சேர்ந்துவிடும்.

கடைசியாக பேக்கப் ஃபோல்டர். லைட்ரூம் பழைய பேக்கப்பைத் தானாக அழிக்காது. நான் கடைசி ஐந்தையும், ஒவ்வொரு வருடத்தின் மார்கழிப் பிரதியையும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறேன். மார்கழிப் பிரதிகள் வீட்டு பீரோவில் தனி டிஸ்கில் இருக்கின்றன, ஸ்டுடியோவில் இல்லை.