செட்டாப் பாக்ஸை நெட்வொர்க்கில் பூட் செய்கிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

லேபில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் பாக்ஸ் நெட்வொர்க்கில் (அதாவது கர்னலையும் கோப்புகளையும் சர்வரிலிருந்து எடுத்து) பூட் ஆகவில்லை என்று போன வாரம் முழுக்க ஸ்விட்சையும் கேபிளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். கேபிளைச் சொருக மறப்பது, ஐபியில் ஓர் எண் பிசகுவது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாப் பாக்ஸுக்கும் ஒரே மேக் முகவரி

ஒரு பாக்ஸைச் சரியாக அமைத்துவிட்டு, அதன் ஃபிளாஷை (உள் நினைவகத்தை) அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் எழுதிவிடுகிறோம். பாக்ஸை ஆன் செய்ததும் முதலில் ஓடி கர்னலை ஏற்றும் புரோகிராமான யூ-பூட்டின் அமைப்புகள் பெரும்பாலும் அதே ஃபிளாஷில்தான் இருக்கும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு பாக்ஸையும் தனித்து அடையாளம் காட்ட வேண்டிய மேக் முகவரியும் சேர்ந்து போய்விடுகிறது.

தனியாக ஆன் செய்தால் எந்தப் பாக்ஸும் ஒழுங்காக பூட் ஆகும். இன்னொன்றையும் ஆன் செய்தால் போச்சு. கடைசியாகப் பாக்கெட் எந்த போர்ட்டிலிருந்து வந்ததோ, அந்த மேக் முகவரி அங்கேதான் இருக்கிறது என்று ஸ்விட்ச் எடுத்துக்கொள்ளும். அது இரண்டு போர்ட்டுக்கும் தாவிக்கொண்டே இருக்க, டிஎஃப்டிபியில் (கோப்பை இறக்கும் எளிய நெட்வொர்க் முறை) கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, இறங்கும்போது வரிசையாக வர வேண்டிய ஹாஷ் (#) குறிகளுக்கு நடுவே 'டி', 'டி' என்று டைம்அவுட் விழும். ஐபி முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி சர்வரோ இரண்டுக்கும் ஒரே ஐபியைக் கொடுக்கும். கர்னல் எப்படியோ இறங்கிவிட்டாலும், சர்வரில் உள்ள ஃபோல்டரை பாக்ஸ் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்த உதவும் என்எஃப்எஸ் தொங்கிவிடும்.

எனக்கு இதில் 12 நாள் போனது. கேபிளை மாற்றினேன், புது ஸ்விட்ச் வாங்க வைத்தேன், டிஎஃப்டிபி சர்வரையே மாற்றினேன். கடைசியில் டிஹெச்சிபி லீஸ் பட்டியலை (எந்த மேக் முகவரிக்கு எந்த ஐபி என்ற பட்டியல்) திறந்தால், 8 பாக்ஸுக்கு ஒரே ஒரு வரி. முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடம் அது. ஒவ்வொரு பாக்ஸின் அடியிலும் அதன் மேக் முகவரி ஸ்டிக்கரில் அச்சாகியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

நகலெடுக்கும்போது யூ-பூட் அமைப்புகள் உள்ள பகுதியைத் தொடாதீர்கள். ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள் என்றால், ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியைப் போடுங்கள். பல யூ-பூட்டுகள் ஒருமுறை பதிந்த முகவரியை மாற்ற விடாது. அமைப்புகளை முழுக்க அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். ஸ்டிக்கர் கிழிந்த பாக்ஸுக்கு 02 என்று தொடங்கும் முகவரி (நாமே வைத்துக்கொள்ளும் முகவரிகளுக்கானது) கொடுக்கலாம்.

அலுவலக நெட்வொர்க்கில் லேபின் டிஹெச்சிபி சர்வர்

வேண்டவே வேண்டாம். தனி ஸ்விட்ச் அல்லது தனி வீலேன் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரிக்கப்பட்ட தனி நெட்வொர்க்).

ஒரே ரூட் ஃபோல்டரை எல்லாரும் பகிர்வது

பாக்ஸ்கள் தங்கள் சிஸ்டம் கோப்புகளை என்எஃப்எஸ்ஸில் எடுக்கும் ரூட் ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி கொடுத்தால், பாக்ஸுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்துவிடுங்கள். ஒரு பாக்ஸ் ஸ்கேன் செய்து சேமித்த சேனல் பட்டியலை இன்னொன்று அழித்து எழுதிவிடும். பிறகு எந்தச் சோதனை முடிவையும் நம்ப முடியாது.

32 எம்பி தாண்டிய கர்னல்

டிஎஃப்டிபியில் பிளாக் எண் 16 பிட், ஒரு பிளாக் 512 பைட். எண் சுழன்று மறுபடி தொடங்குவதைச் சர்வர் ஏற்காவிட்டால், 32 எம்பி அருகே வந்து நின்றுவிடும். பிளாக் அளவை 1468 ஆக்குங்கள்.

சீரியல் கன்சோல்

பூட் செய்திகளைக் கணினியில் பார்க்கப் போர்டில் இருக்கும் சீரியல் இணைப்பு பெரும்பாலும் 3.3 வோல்ட். அதைவிட அதிக வோல்டேஜில் ஓடும் ஆர்எஸ்-232 (கணினியின் பழைய சீரியல் போர்ட்) கேபிளை நேராகச் சொருகினால் சிப் போய்விடும்.