கலப்பு நாய்க்குட்டியின் இனத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

தெருமுனையில் கிடந்த வெள்ளைக் குட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்த அன்றே ஆளுக்கொரு இனம் சொன்னார்கள். வெள்ளை நிறம் என்பதால் ராஜபாளையம், கால் நீளம் என்பதால் சிப்பிப்பாறை, காது மடிந்திருப்பதால் லேப் (லேப்ரடார்). பார்த்த மாத்திரத்தில் சொல்வது பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். வரிசையாகப் போவோம்.

1. தாயைத் தேடுங்கள்

பாதி மரபணு தாயுடையது. குட்டி கிடைத்த இடத்திலேயே தாய் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம், ஒரு படம் எடுத்துவிடுங்கள். கூடப்பிறந்தவற்றையும் பாருங்கள். ஆனால் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன்கள் இருப்பதுண்டு. தம்பி லேப் மாதிரி இருக்கிறான் என்பதால் உங்கள் குட்டியும் லேப் ஆகிவிடாது.

2. ஆறு மாதம் வரை படம் எடுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று. கூடவே எடையும். குட்டியின் நீலக் கண் பழுப்பாக மாறும், மடிந்த காது பல் விழும் காலத்தில் நிமிரலாம்.

3. எந்த அடையாளத்தை நம்பலாம்?

நிறத்தைக் கடைசியில் வையுங்கள். செவலை உடம்பும் கருமூஞ்சியும் கோம்பை இனத்துக்கு உண்டு, சாதாரணத் தெருநாய்க்கும் உண்டு. கறுப்பில் பழுப்புப் புள்ளி கன்னி இனத்திலும் டாபர்மேனிலும் வரும். நாக்கில் கரும்புள்ளி இருந்தால் சௌ சௌ இன நாய் என்பதும் சரியில்லை, பல இனங்களில் அது உண்டு.

டேஷண்ட் இனத்தைப் போன்ற குட்டைக் கால் கொஞ்சம் நம்பகமானது. ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும், வெளியே தெரியும். நீள முடி அப்படியல்ல. பெரும்பாலும் அது இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும். தாய்க்குக் குட்டை முடி, குட்டிக்குப் புசுபுசுவென்று முடி என்றால், தாயும் அந்த மரபணுவை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

4. மரபணுச் சோதனை

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்புவதுதான் வேலை. பால் குடிக்கும் குட்டிக்குச் செய்யாதீர்கள், வாயில் தாயின் செல்கள் ஒட்டியிருக்கும். தேய்ப்பதற்கு முன் கொஞ்ச நேரம் உணவு கொடுக்காமல், மற்ற நாய்களிடமிருந்து தள்ளி வைத்திருங்கள்.

அறிக்கை வந்ததும் நிதானமாகப் படியுங்கள். சோதனைக்கூடம் தன்னிடமுள்ள இனங்களோடு மட்டுமே ஒப்பிடும். அந்தப் பட்டியலில் சிப்பிப்பாறையோ கன்னியோ இல்லையென்றால், அறிக்கையில் அந்தப் பெயர் வரவே வராது. ஓரிரு சதவீதமாக வரும் இனங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. நம் நாட்டு நாய் பல இனங்களைக் கலந்து உண்டானதல்ல. இன்றைய மேல்நாட்டு இனங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில்தான் இப்போதைய வடிவத்துக்கு வந்தன. தெருநாய்களின் வம்சம் அதைவிடப் பழையது. அதனால் உங்கள் குட்டியிடம் எந்த இனமும் கலக்காமலேயே இருக்கலாம். "இனம் தெரியாத நாய்" என்று யாராவது சொன்னால், நாட்டு நாய் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

5. தெரிந்து என்ன செய்வது?

குணத்தைக் கணிக்க இது அதிகம் உதவாது. 2022இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து வந்த ஆய்வில், நாய்க்கு நாய் தெரியும் குண வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான்.

உடல்நலத்துக்கு உதவும். கோலி என்ற மேய்ப்பு நாய் இனத்தின் வழிவந்த நாய்களுக்கும் சில ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கும் எம்டிஆர்1 என்ற மரபணுக் குறை உண்டு. சொறிக்கு அதிக அளவில் ஐவர்மெக்டின் என்ற மருந்தைக் கொடுத்தால் அவற்றின் உயிருக்கே ஆபத்து. அந்தச் சந்தேகம் இருந்தால், மருந்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வெள்ளைக் குட்டி என்றால் காதையும் பாருங்கள். ராஜபாளையம் உட்பட வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவிச் செவிடு உண்டு. குட்டி தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். எங்கள் குட்டி சட்டென்று ஒரு காதைத் தூக்கியது. அன்றைக்கு எனக்கு அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது.