லினக்ஸில் சிடி, டிவிடி இயக்கியைக் கண்டறிந்து மவுண்ட் செய்யும் முறை

விண்டோஸ் இயக்கிக்கு ஓர் எழுத்தைக் கொடுக்கிறது. உள்ளே வட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த எழுத்து மாறுவதில்லை. மேக்கில் இயக்கியின் பெயர் கண்ணிலேயே படாது; செருகிய வட்டு தன் சொந்தப் பெயரில் ‘வால்யூம்ஸ்’ அடைவுக்குள் தோன்றும். லினக்ஸோ கருவியின் பெயரை ஓரிடத்திலும், கோப்புகளைக் காட்டும் அடைவை வேறோர் இடத்திலும் வைக்கிறது. இவ்விரண்டையும் இணைப்பதே ‘மவுண்ட்’ செய்தல். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். (கீழே கட்டளைகளை ஒலிப்பின்படி தந்துள்ளேன், முனையத்தில் (டெர்மினல்) ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யவும்.)

‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையை இயக்கினால், வகை ‘ரோம்’ என்று காட்டும் வரியில் இருப்பதே உங்கள் இயக்கி. எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் முதல் இயக்கி ‘எஸ்ஆர்0’, அடுத்தது ‘எஸ்ஆர்1’. இவை ‘டெவ்’ அடைவில் இருக்கும். பழைய வழிகாட்டிகளில் காணும் ‘எச்டிசி’ என்பது, இயக்கிகளைப் பழைய ஐடிஇ வகை வடங்களால் இணைத்த காலத்துப் பெயர். இன்றைய கணினியில் அதைத் தேடிப் பயனில்லை. யுஎஸ்பி இயக்கியையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் இடம் மாறக்கூடும் என்பதால், ‘டெவ்/டிஸ்க்/பை-லேபிள்’ அடைவில் வட்டின் பெயரைக் கொண்டே அதைச் சுட்டுவது பாதுகாப்பானது.

டெஸ்க்டாப் சூழல்கள் பெரும்பாலும் வட்டைத் தாமே மவுண்ட் செய்துவிடும். செய்யாதபோது, ‘எம்என்டி’ அடைவுக்குள் ஒரு வெற்று அடைவை உருவாக்கி, ‘சூடோ மவுண்ட்’ (‘சூடோ’ நிர்வாகி உரிமையைத் தரும்) கட்டளைக்குப் பின் கருவியின் முழுப்பாதையையும் அந்த அடைவின் பாதையையும் இதே வரிசையில் கொடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9660, யுடிஎஃப் ஆகியவற்றில் எந்தக் கோப்பு முறைமை என்பதைக் கட்டளையே கண்டுகொள்ளும். படிக்க மட்டுமே முடியும் என்ற அறிவிப்பு வந்தால் அஞ்ச வேண்டாம், அது பிழையன்று.

கணினி தொடங்கும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்று பட்டியலிடும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் இயக்கியைச் சேர்க்க விரும்பினால், தானாக மவுண்ட் செய்யாதே என்று சொல்லும் ‘நோஆட்டோ’ விருப்பத்தை மறவாதீர்கள். மறந்தால், வட்டு இல்லாத நாளில், கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடிகள் காத்திருந்துவிட்டு, கணினியை அவசரநிலை முனையத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வட்டை எடுக்க ‘யுமவுண்ட்’ கட்டளை. சொல்லின் நடுவே ‘என்’ கிடையாது. அடைவு பயன்பாட்டில் உள்ளது என்று அது மறுத்தால், பெரும்பாலும் உங்கள் முனையமே அந்த அடைவுக்குள் நின்றுகொண்டிருக்கும். வெளியே வந்து மீண்டும் முயலுங்கள். ‘இஜெக்ட்’ கட்டளை மவுண்டை நீக்கித் தட்டையும் திறந்துவிடும்.

பாட்டு சிடியில் கோப்பு முறைமையே இல்லாததால் அதை இவ்வாறு மவுண்ட் செய்ய இயலாது. இசைச் செயலியில் நேரடியாகத் திறக்க வேண்டும்.