வன்னியில் காய்ச்சல்காரருக்கு இரத்தப் பரிசோதனை எவ்வளவு தூரம்? நீங்களே வரைபடம் போடலாம்

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா கடைசியாகப் பதிவானது 2012 ஒக்ரோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றும் தந்துவிட்டது. நுளம்பு மட்டும் போகவில்லை. ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் குட்டைகளில் பெருகும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் இன்னும் இருக்கிறது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் வளரும் ஸ்டீபென்சி என்ற இன்னொரு மலேரியா நுளம்பை 2016 கடைசியில் மன்னாரில் கண்டார்கள். நோய் உள்ள நாட்டுக்குப் போய்வந்த ஒருவர் கிருமியோடு திரும்பினால், அவரை எவ்வளவு கெதியாகப் பரிசோதிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் எந்த ஊருக்குப் பரிசோதனை எவ்வளவு தூரம் என்று காட்டும் படத்தை வரைவோம்.

படி 1: வரைபடம் போட உதவும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருளை நிறுவுங்கள். இலவசம், சாதாரண மடிக்கணினி போதும்.

படி 2: எக்செல்லில் வைத்தியசாலைகளின் அட்டவணை ஒன்று போடுங்கள். பெயர், நெட்டாங்கு, அகலாங்கு, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கிறார்களா இல்லையா என்று நான்கு நிரல்கள். நான்காவதுதான் முக்கியம். பெயர்ப்பலகை இருக்கும் இடமெல்லாம் பரிசோதனை இருக்கும் என்று நினைக்கக்கூடாது. பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் கேட்டு நிரப்புங்கள். சிஎஸ்வி (CSV) கோப்பாகச் சேமித்து, கியூஜிஐஎஸ்ஸில் 'அட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்' வழியாக ஏற்றுங்கள். லேயர் என்பது படத்தின் ஒரு அடுக்கு. எக்ஸ் என்பது நெட்டாங்கு. வன்னியில் 80ஐ அண்டி வரும். வை என்பது அகலாங்கு. 9ஐ அண்டி வரும். மாறிப்போனால் மாங்குளம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

படி 3: 'குவிக்ஓஎஸ்எம்' செருகுநிரலால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து வீதிகள், ஆறுகள், குளங்களை இறக்குங்கள். காட்டோரக் கிறவல் பாதைகள் சில விடுபட்டிருக்கலாம். அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

படி 4: எல்லா லேயர்களையும் யூடிஎம் 44 வடக்கு (குறியீடு 32644) என்ற ஆள்கூற்று முறைக்கு மாற்றிச் சேமியுங்கள். அப்போதுதான் தூரம் மீற்றரில் வரும்.

படி 5: இனி அளக்கலாம். பலரும் வைத்தியசாலையைச் சுற்றி 5 கிலோமீற்றருக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு, உள்ளே இருப்பவருக்கு வசதி உண்டு என்று முடித்துவிடுவார்கள். வன்னியில் அது சரிவராது. குளமும் களப்பும் காடும் நேர்கோட்டை வெட்டும். ஆகவே 'நெட்வேர்க் அனாலிசிஸ்' பகுதியில் உள்ள 'சேர்விஸ் ஏரியா' கருவியை எடுங்கள். வீதி லேயரையும், பரிசோதனை உள்ள வைத்தியசாலைகளை மட்டும் தெரிந்தெடுத்த லேயரையும் கொடுத்து, 'ட்ரவல் கொஸ்ட்' இடத்தில் 5000 என்று போடுங்கள். 5 கிலோமீற்றருக்குள் எட்டும் வீதிகள் தனி நிறத்தில் வரும். பிறகு 10000 போட்டுப் பாருங்கள்.

படி 6: இதே படத்தை மாரிக்கும் போடுங்கள். வீதி லேயரைப் பிரதி எடுத்து, கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் மேவும் இடங்களை அழித்துவிட்டு படி 5ஐத் திரும்பச் செய்யுங்கள். வட்டுவாகல் பாலத்தை அழித்துப் பாருங்கள். முள்ளிவாய்க்கால் பக்கமிருந்து முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கு வருபவர் நந்திக்கடல் களப்பைச் சுற்ற வேண்டியிருக்கும். கோடைப் படத்தில் பக்கத்தில் இருந்த வைத்தியசாலை மாரிப் படத்தில் தூரப் போய்விடும். இரண்டையும் அருகருகே வைத்தால் விளக்கமே தேவையில்லை.

படி 7: ஆறு, குளம், பாழ்கிணறு ஆகியவற்றை மேலே போட்டு, நிறம் எட்டாத குடியிருப்புகளைக் குறியுங்கள். நுளம்பு பெருகக்கூடிய நீரும் பக்கத்தில் இருந்து, பரிசோதனையும் தூரமாக இருந்தால் அந்த ஊர் பட்டியலின் மேலே வரவேண்டும். நோயாளரின் வீட்டை ஒருபோதும் புள்ளியாக வைக்காதீர்கள். சிறிய ஊரில் ஒரு புள்ளியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் நிறுத்துங்கள்.

படத்தை ஏ3 தாளில் அச்சிட்டு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். எந்தப் பாதை எந்த மாதம் மூடுகிறது என்று அவருக்குத் தெரியும். பேனாவால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.