பழைய கட்டடத்தைச் சீரமைப்புப் பதிவுக்காகப் படமெடுப்பது எப்படி: ஒரு செட்டிநாட்டு வீட்டை முன்வைத்துத் தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

1858ஆம் ஆண்டில், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் அரண்மனையைப் படமெடுத்தார். அப்படங்களில் அரண்மனை சிதைந்த நிலையில் காணப்படுகிறது. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில்தான் அதன் சீரமைப்பு மேற்கொள்ளப்பட்டது. இன்று நாம் காணும் தூண்களிலும் சுதை வேலையிலும் எது பழையது, எது பின்னர் சேர்க்கப்பட்டது என்று அறிய விரும்புபவர், சீரமைப்புக்கு முன்பு எடுத்த அந்தப் படங்களைத்தான் முதலில் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

சீரமைப்புக்காக எடுக்கும் படத்தின் தேவை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கட்டடத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத கொத்தனாரோ தச்சரோ, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழிந்துபோன பகுதியை மீண்டும் செய்ய முடிய வேண்டும். அதற்கு, படத்தில் இருப்பது எந்த இடம், எந்தத் திசை நோக்கியது, என்ன அளவு, எந்த நாளின் நிலை என்ற நான்கும் படத்திலிருந்தோ அதனுடன் இணைத்த குறிப்பிலிருந்தோ ஐயமின்றித் தெரிய வேண்டும். கீழே வரும் படிகள் யாவும் இந்த நான்கையும் உறுதிப்படுத்துவதற்கானவையே.

எடுத்துக்காட்டாகச் செட்டிநாட்டு வீட்டை வைத்துக்கொள்வோம். காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி போன்ற ஊர்களின் நகரத்தார் வீடுகள், தெருவிலிருந்து பின்தெரு வரை முகப்பு, வளவு எனும் நடுமுற்றப் பகுதி, இரண்டாம் கட்டு, அடுப்படி என நீண்டு செல்பவை. பர்மாத் தேக்கு, கருங்கல், சுண்ணாம்புப் பூச்சு, சுதைச் சிற்பம், சிமெண்டு ஓடு என்று ஏறக்குறைய எல்லாப் பொருளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், இங்கே பழகியவர் வேறெந்தக் கட்டடத்தையும் படமெடுக்க முடியும். இவ்வூர்களின் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் பட்டியலில் இருப்பதனால் மட்டும் ஒரு வீடு இடிபடாமல் நின்றுவிடாது. பராமரிக்க ஆளின்றிப் பிரிக்கப்படும் வீடுகளின் கதவு நிலைகளும் தூண்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

படி 1: அனுமதியும் வீட்டைப் படித்தலும்

இந்த வீடுகள் பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. சாவி வைத்திருப்பவர் சம்மதித்தால் போதும் என்று எண்ணிவிடாமல், படங்கள் எதற்காக, யாரிடம் இருக்கும், எங்கே வெளியாகும் என்பதை எழுதி, பங்காளிகள் அனைவருக்கும் தெரிவித்து இசைவு பெறுங்கள். கோயிலென்றால் நிர்வாகத்திடமும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமென்றால் அத்துறையிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

முதல் நாளில் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு வீட்டை முழுதாகச் சுற்றி வாருங்கள். அளவு துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தரைப்படத்தைக் கையால் வரைந்து, அறைகளுக்கு எண் இட்டு, வடக்குத் திசையைக் குறியுங்கள். வீட்டில் ஆச்சி யாரேனும் இருந்தால் உடனமர்ந்து, எந்த அறை எதற்குப் பயன்பட்டது, எந்தச் சுவர் பின்னர் எழுப்பப்பட்டது, எந்த மழையில் எந்த மூலை ஒழுகத் தொடங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிற்காலச் சுவர் எதுவென்று தெரிந்துகொண்டு எடுத்த படத்துக்கும் தெரியாமல் எடுத்த படத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

படி 2: கருவிகள்

கைப்பேசியைக் கொண்டும் நல்ல பதிவைச் செய்யலாம். ஆனால் அதன் முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். மிக அகன்ற கோண லென்ஸ் ஓரங்களை இழுத்து வளைத்துவிடும் என்பதால், அதைக் கொண்டு எடுத்த படத்திலிருந்து எந்த அளவையும் நம்பி எடுக்க முடியாது. படத்தைத் தானாக மெருகூட்டும் வசதிகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். கேமரா இருந்தால் 24 முதல் 35 மி.மீ. வரையிலான நிலைத்த குவியத் தூரமுள்ள லென்ஸ் வீட்டின் பெரும்பகுதிக்குப் போதும். ஜூம் லென்ஸ்தான் உள்ளது என்றால், வளையத்தை ஒரே இடத்தில் நிறுத்தி நாடாவால் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இவை தவிர ஒரு முக்காலி, ஒரு ரசமட்டம், கருப்பு வெள்ளைப் பட்டைகள் 10 செ.மீ.க்கு ஒன்றாக மாறிவரும் 1 மீட்டர் அளவுகோல், விரிசல்களுக்கான மில்லிமீட்டர் அட்டை, நிறங்களைச் சரிபார்க்கும் வண்ண அட்டை, ஒரு டார்ச், கருப்புத் துணி, குறிப்பேடு ஆகியவை வேண்டும். தொடங்கும் முன் கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். பிற்காலத்தில் எல்லாக் கோப்புகளையும் வரிசைப்படுத்த அந்த நேரக்குறிதான் துணை.

கேமராவில் ரா கோப்பாகவும் (சுருக்காத மூலப் பதிவு) ஜேபெக்காகவும் (வழக்கமான படக் கோப்பு) சேர்த்துப் பதியுங்கள். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200, லென்ஸின் துளை அளவு எஃப் 8 என்று வைத்தால் முன்னும் பின்னும் தெளிவாக விழும். வெளிச்சம் குறைந்த அறையில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதற்குப் பதிலாக முக்காலியில் வைத்து அதிக நேரம் திறந்து எடுங்கள்.

படி 3: முகப்பை நேராக எடுத்தல்

தொடக்கநிலையினர் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுவாகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முகப்பின் அருகில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், நேராக நிற்கும் தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்வதுபோலப் படத்தில் விழும். அந்தப் படத்தில் மேல்தளச் சாளரத்தின் அகலமும் கீழ்த்தளச் சாளரத்தின் அகலமும் ஒரே அளவுகோலில் அடங்காது. எனவே கேமராவின் பின்புறம் சுவருக்கு இணையாகவும், ரசமட்டத்தின்படி கிடையாகவும் இருக்க வேண்டும். உயரம் படத்தில் அடங்கவில்லையென்றால் தெருவின் மறுபக்கம் வரை பின்வாங்குங்கள். அதுவும் போதவில்லையென்றால் எதிர்வீட்டாரிடம் கேட்டு அவர்களது மொட்டை மாடியிலிருந்து, முகப்பின் நடு உயரத்துக்கு நேராக எடுங்கள். கணினியில் சாய்வைத் திருத்த முடியும்தான், ஆனால் திருத்திய படத்தைத் தனிப் பிரதியாக வைத்து மூலக் கோப்பைத் தொடாமல் விட வேண்டும்.

அளவுகோலைச் சுவரை ஒட்டி, சுவரின் அதே தளத்தில் நிறுத்துங்கள். சுவருக்கு ஓரடி முன்னால் வைத்த அளவுகோல் தவறான அளவைத் தரும். பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேலோ ஓவியத்தின் மேலோ ஒட்டுநாடாவால் அதை ஒட்டவே கூடாது. நாடாவைப் பிரிக்கும்போது மேற்பரப்பும் உடன் உரிந்து வரும்.

முழு முகப்பும் ஒரே படத்தில் அடங்காத இடத்தில், ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்பாமல், சுவருக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து எடுங்கள். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் 60 முதல் 80 விழுக்காட்டுப் பகுதியைத் திரும்பக் காட்ட வேண்டும். இந்த அளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால்தான் மென்பொருள் பொதுப் புள்ளிகளைக் கண்டு முப்பரிமாண உருவை அமைக்க முடியும். முப்பரிமாணம் இப்போது உங்கள் திட்டத்தில் இல்லாவிட்டாலும் இப்படியே எடுங்கள், பின்னர் வருபவருக்குப் பயன்படும். படங்களை இணைக்கும் முயற்சி பழையதுதான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை டிரைப் 21 படங்களாக எடுத்து, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே தொடராக ஒட்டினார். அதே 1858இல், ஜெர்மனியின் வெட்ஸ்லர் பேராலயத்தை அளக்க ஏறி விழப் பார்த்த ஆல்பிரெக்ட் மைடன்பாயர் என்ற இளம் கட்டடக் கலைஞர், ஏறாமலே படத்திலிருந்து அளவெடுக்கலாமே என்று சிந்திக்கத் தொடங்கினார். 1885இல் பெர்லினில் அதற்கென்றே அரசு நிறுவனம் ஒன்று அவர் தலைமையில் தோன்றியது.

படி 4: வெளிச்சம்

பொதுப் படங்களுக்கு மேகமூட்டமான வானமே சிறந்தது. கடும் நிழல் விழாததால் சாளரத்தின் உள்விளிம்பும் கூரையின் அடிப்பகுதியும் தெரியும். மாறாக, வாசலுக்கு மேலுள்ள கஜலட்சுமிச் சுதை, உப்பிய பூச்சு, தேய்ந்த எழுத்து ஆகியவற்றுக்குப் பக்கவாட்டிலிருந்து படும் சாய்வொளி வேண்டும். கிழக்கு நோக்கிய முகப்பில் உச்சிக்குச் சற்று முன்பு வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும் நேரத்துக்காகக் காத்திருங்கள். உள்ளறையில் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்து அதே விளைவைப் பெறலாம். ஒரே இடத்தைச் சம ஒளியில் ஒன்றும் சாய்வொளியில் ஒன்றுமாக எடுத்தால், நிறமும் பதிவாகும், மேடுபள்ளமும் பதிவாகும்.

வளவு சிக்கலான இடம். நடுவே வானம் திறந்திருக்க, சுற்றிலும் தாழ்வாரமும் இருண்ட அறைகளும் இருக்கும். முக்காலியை அசைக்காமல் குறைந்த ஒளி, நடுத்தரம், மிகுந்த ஒளி என மூன்று படங்கள் எடுத்து மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடிபோல் மின்னுவதால் ஃபிளாஷைத் தவிருங்கள். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் கருப்புத் துணியை விரித்துப் பிடித்தால் எதிரொளிப்பு அடங்கிவிடும்.

படி 5: அறை அறையாக

எல்லா அறைகளுக்கும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுங்கள். நுழைவாசலுக்கு இடப்புற மூலையில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் நான்கு மூலைகளிலிருந்தும் எதிர்மூலை நோக்கி நான்கு படங்கள், பின்பு ஒவ்வொரு சுவருக்கும் நேர்முகமாக ஒன்று, தரைக்கு ஒன்று, மேற்கூரைக்கு ஒன்று. ஒன்றுமில்லாத வெற்றுச் சுவரென்று எதையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஒன்றுமில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

படி 6: நுண்பகுதிகள்

ஒவ்வொரு நுண்பகுதிக்கும் மூன்று தூரங்கள் உண்டு: அது அறையில் எங்கே இருக்கிறது என்று காட்டும் தொலைப் படம், அதைச் சுற்றியுள்ளதைக் காட்டும் இடைப் படம், அளவுகோலுடன் கூடிய அண்மைப் படம். அண்மைப் படத்தை மட்டும் எடுத்தவர்கள், அது எந்தத் தூணின் போதிகை (தூண் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் பகுதி) என்று ஓராண்டுக்குள் மறந்துவிடுவார்கள். ஆத்தங்குடி ஓட்டுத் தரையில், கோலம் ஒருமுறை முழுதாக நிறைவுறும் பரப்பையும் ஓர விளிம்பு ஓட்டையும் நேர் மேலிருந்து, வண்ண அட்டையுடன் எடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் நிறச் சாந்தை ஊற்றி வார்க்கும் அந்த ஓட்டை இன்றும் ஆத்தங்குடியில் செய்கிறார்கள். நிறம் சரியாகப் பதிவாகியிருந்தால் அவர்களால் உடைந்ததற்கு இணையான ஓட்டைச் செய்து தர முடியும். நிலைக்கதவின் பிணைப்புகள், கீல், பூட்டு, உத்தரம் சுவரில் புதையும் இடம், இரும்பு விட்டத்தில் பொறித்த நிறுவனப் பெயர், பூச்சு உதிர்ந்து தெரியும் செங்கல்லின் அளவு ஆகியவை தச்சருக்கும் கொத்தனாருக்கும் உண்மையில் தேவைப்படும் செய்திகள்.

பழுதுகளையும் அதே கவனத்துடன் எடுக்க வேண்டும். விரிசலின் தொடக்கம், முடிவு, மிக அகன்ற இடம் ஆகிய மூன்றிலும் மில்லிமீட்டர் அட்டையை வைத்து எடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் அதே இடத்திலிருந்து எடுத்த இரு படங்கள், விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று காட்டும். நீர்க்கசிவுக் கறை, சுவரில் பூத்த உப்பு, கறையான் புற்று, கூரையில் முளைத்த அரசங்கன்று ஆகியவற்றையும், சுண்ணாம்புச் சுவரில் யாரோ பூசிய சிமெண்டு ஒட்டுப்பூச்சையும் தவறாமல் பதியுங்கள். சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைத்துவிடுவதால், அதைச் சுற்றியுள்ள பழைய பூச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் உதிரத் தொடங்கும்.

படி 7: குறிப்பும் பாதுகாப்பும்

தரைப்படத்தில் நீங்கள் நின்ற ஒவ்வோர் இடத்தையும் புள்ளியாலும், பார்த்த திசையை அம்புக்குறியாலும் குறித்து, படத்தின் எண்ணை அருகில் எழுதுங்கள். இதை அன்றன்று மாலையே முடித்துவிட வேண்டும். கோப்பின் பெயரில் ஊர், வீடு, தளம், அறை எண், திசை, வரிசை எண் என்ற ஒழுங்கை இடைவெளியின்றி அமையுங்கள். மூன்று பிரதிகள் வைத்து, இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் சேமித்து, ஒன்றை வேறு ஊரில் வைப்பது நடைமுறையில் நன்கு தேறிய முறை. அரட்டைச் செயலி வழியாக அனுப்பிய படம் சுருங்கிவிடும், அதை ஆவணப் பிரதியாகக் கொள்ள முடியாது.

ஒரு பிரதியைக் குடும்பத்தாரிடம் கட்டாயம் கொடுங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் செப்புத் திருமேனி ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தபோது, அது அந்தக் கோயிலுடையதுதான் என்று நிறுவப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு உதவியது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. தூணுக்கும் நிலைக்கும்கூட அத்தகைய சான்று வேண்டும். அதே காரணத்தால், ஆளில்லாத வீட்டின் விலைமதிப்புள்ள பொருட்களை இருப்பிடக் குறியுடன் பொதுவெளியில் வெளியிடாதீர்கள்.

படி 8: வேலை நடக்கும்போது

பூச்சை உரித்துக் கூரை ஓடுகளை இறக்கிய பிறகுதான் கட்டடத்தின் உள்ளமைப்பு தெரியவரும், சில நாட்களில் அது மீண்டும் மூடப்பட்டுவிடும். ஆகையால் கொத்தனாரிடமும் தச்சரிடமும் முன்பே பேசி, எந்த நாளில் எதைத் திறக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு உடனிருங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு சட்டத்துக்கும் சுண்ணக்கட்டியால் எண் இட்டு, எண் தெரியும்படி அது இருந்த இடத்திலேயே எடுங்கள். வேலை முடிந்ததும் தரைப்படத்திலுள்ள அதே புள்ளிகளில் நின்று, அதே லென்ஸால், அதே திசைகளில் மீண்டும் எடுங்கள். புதிதாகப் பொருத்திய மரத்தில் கண்ணை உறுத்தாத ஓரிடத்தில் ஆண்டைப் பொறிக்கச் சொல்லி, அந்தப் பொறிப்பையும் அளவுகோலுடன் ஒரு படம் எடுத்து, பதிவேட்டில் அதன் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.