ஃப்ரீ டிஷ் பாக்ஸ்ல யூடியூப் வேணுமா, டாங்கிள் வாங்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

எங்க பெரியம்மா வீட்ல போன தையில கேபிள கட் பண்ணிட்டு டிடி ஃப்ரீ டிஷ் போட்டாங்க. மாசக் கட்டணம் கிடையாது, டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவ வாங்கினா அதோட சரி, 2004 டிசம்பர்ல தூர்தர்ஷன் டிடி டைரக்ட் பிளஸ்னு ஆரம்பிச்ச அதே சர்வீஸ்தான். என்ன ஒண்ணு, இந்தி சேனல் கொட்டிக் கிடக்கும், தமிழுக்கு டிடி தமிழையும் இன்னும் கொஞ்சத்தையும் வச்சு ஓட்டணும், சன் டிவி எல்லாம் வராது. பெரியம்மா மூஞ்சி தொங்கிப் போச்சு. அப்பதான் டிஷ் மாட்ட வந்த தம்பி "வைஃபை பாக்ஸ் இருக்கும்மா, யூடியூப் நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் இதுலயே வரும்"னு சொல்லி, அட்டப்பெட்டி பூரா லோகோ அச்சடிச்ச ஒரு பாக்ஸ குடுத்துட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் என்னோட ரெண்டு ஞாயித்துக்கிழமை அதுலயே போச்சு, நீங்களாவது தப்பிச்சுக்கங்க.

மொதல்ல உங்க பாக்ஸ் என்ன ஜாதின்னு பாருங்க. ரொம்பப் பழசு, எம்பெக்-2ங்கற பழைய வீடியோ சுருக்கற முறைய மட்டும் படிக்கறதுன்னா யூடியூபுக்கு வழியே இல்ல, ஏன்னா யூடியூப் வீடியோ எச்.264ல, அதாவது எம்பெக்-4 வகைல வரும், அத விரிச்சுக் காட்டற வேல அந்த சிப்புக்கே தெரியாது. எம்பெக்-4, டிவிபி-எஸ்2 (சாட்டிலைட் சிக்னலோட புது முறை)னு போட்டிருக்கணும், எச்டிஎம்ஐயும் யூஎஸ்பியும் இருக்கணும். யூஎஸ்பி இருக்குன்னு மட்டும் நம்பிராதீங்க, சிலதுல அது பாட்டு கேக்கறதுக்கு மட்டும்தான். கடையிலயே டிவில மாட்டச் சொல்லி மெனுவுக்குள்ள போய் நெட்வொர்க்னு ஒரு பக்கம் இருக்கா, அதுக்குள்ள வைஃபைன்னு ஒரு வரி இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க. அப்படியே இன்ஃபர்மேஷன் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, அதுல சிப் பேரு, சாஃப்ட்வேர் தேதி எல்லாம் இருக்கும், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

அடுத்து டாங்கிள், அதாவது பாக்ஸோட யூஎஸ்பில சொருகி வைஃபை புடிக்கற குட்டித் துண்டு. நகம் சைஸ்ல இருக்கற எந்த டாங்கிளும் ஓடும்னு நெனச்சா ஏமாந்தீங்க, பாக்ஸோட சாஃப்ட்வேர்ல டிரைவர் (டாங்கிள ஓட்டற சின்ன புரோகிராம்) இருக்கற டாங்கிள் மட்டும்தான் எடுக்கும், லேப்டாப் மாதிரி தானா டவுன்லோட் பண்ணிக்காது. இந்த விலை குறைஞ்ச பாக்ஸ்கள்ல பெரும்பாலும் ஓடறது ஆர்டி5370, இல்லன்னா எம்டி7601 சிப் போட்டது. கடைக்காரர்கிட்ட கம்பெனி பேர கேக்காதீங்க, சிப் பேர கேளுங்க. நான் வீட்ல சும்மா கெடந்த ஒரு நல்ல காஸ்ட்லி டாங்கிள கொண்டுபோய் சொருகினேன், பாக்ஸ் கண்டுக்கவே இல்ல, அப்புறம் 300 ரூபா ஆன்டெனா வச்ச 5370 சொருகினதும் டக்குனு எடுத்துக்கிச்சு.

இப்ப எல்லாரும் பண்ற தப்பு, டாங்கிள மொதல்ல சொருகிட்டு டிஷ்ஷ அப்புறம் பாக்கறது. தலகீழா பண்ணுங்க. ஃப்ரீ டிஷ் வர்ற ஜிசாட்-15 சாட்டிலைட் 93.5 டிகிரி கிழக்குல நிக்குது, பாக்ஸ் மெனுல எல்என்பி (டிஷ் முன்னாடி நீட்டிக்கிட்டு சிக்னல் புடிக்கற கருவி) 9750/10600 யூனிவர்சல்னு வச்சு பிளைண்ட் ஸ்கேன் குடுத்தீங்கன்னா ஃப்ரீக்வென்சி எதுவும் தெரியாமலே சேனல் எல்லாம் வந்து விழும். சேனல் ஓடினதும் ஸ்கிரீன்ல மணி சரியா காட்டுதான்னு பாருங்க, இது சின்ன விஷயமா தெரியும் ஆனா நான் அரை நாள் முட்டிக்கிட்டது இதுலதான். பாக்ஸுக்கு சொந்தமா கடிகாரம் கிடையாது, சாட்டிலைட் சிக்னல்ல இருந்துதான் நேரத்த எடுக்கும், தேதி தப்பா நின்னா நெட் பக்கம் பாதுகாப்பு சர்டிஃபிகேட் ஒத்துக்காது, வைஃபை கனெக்ட் ஆனாலும் யூடியூப் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். டைம் சோன் +5:30, ஆட்டோ ஆன், அவ்ளோதான்.

பெரியம்மா வீட்ல பிராட்பேண்ட் கிடையாது, மொபைல் ஹாட்ஸ்பாட்தான். என் போன்ல ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணா பாக்ஸ்ல பக்கத்து வீட்டு வைஃபை தெரியுது, என்னோடது தெரியல! விஷயம் என்னன்னா மேல சொன்ன ரெண்டு டாங்கிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும்தான் புடிக்கும், புது போனுங்க சிலது ஹாட்ஸ்பாட்ட 5 கிகாஹெர்ட்ஸ்ல போட்டுரும். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல பேண்ட்னு இருக்கும் அத 2.4ஆ மாத்துங்க, ஐபோன்னா மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டின்னு ஒரு பட்டன் இருக்கும் அத ஆன் பண்ணுங்க. செக்யூரிட்டி டபிள்யூபிஏ3ல இருந்தா டபிள்யூபிஏ2க்கு மாத்துங்க. ஹாட்ஸ்பாட் பேர்ல தமிழ் எழுத்து, ஸ்மைலி எதுவும் வேணாம். பாஸ்வேர்ட்டையும் எட்டு எழுத்துல சிம்பிளா வச்சுருங்க, ரிமோட்ல ஒவ்வொரு எழுத்தா மேல கீழ நகத்தி அடிக்கணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து கலந்து வச்சிருந்தா உயிர் போயிரும்.

கனெக்ட் ஆச்சு, யூடியூப் தொறந்தாச்சு, படம் ஓடுது, ஆனா பெரியம்மா "ஏன்டா மங்கலா இருக்கு, கண்ணுல புரை வந்துருச்சா"ன்னு கேட்டாங்க. புரை இல்ல பெரியம்மா, 360பி, அதாவது தெளிவு கம்மியான வீடியோ. இந்த பாக்ஸ்ல இருக்கறது யூடியூப் கம்பெனி குடுத்த ஆப் கெடையாது, பாக்ஸ் செஞ்சவன் தானா எழுதின ஒரு பிளேயர். யூடியூப்ல நல்ல குவாலிட்டி எல்லாம் படம் தனி சத்தம் தனின்னு ரெண்டு துண்டா வரும், அத சேத்து ஓட்ட இந்த பிளேயர் பலதுக்கு வக்கில்ல, ரெண்டும் ஒண்ணா வர்ற 360பிய புடிச்சு ஓட்டும். ஒரு நல்லது, மணிக்கு 300 எம்பி கிட்டதான் தின்னுச்சு, தினம் 1.5 ஜிபி பேக்குல சீரியல் தாராளமா பாக்கலாம்.

இது தானா எழுதின பிளேயருங்கறதாலதான் திடீர்னு ஒரு நாள் நின்னு போகும். யூடியூப் அவங்க பக்கம் எதையாவது மாத்தினா இது முழிக்கும். 2015 ஏப்ரல்ல பழைய ஏபிஐய (மத்தவங்க ஆப் யூடியூபோட பேசற வழி) மூடினப்ப பெரிய கம்பெனிகளோட பழைய ஸ்மார்ட் டிவிலயே யூடியூப் போச்சு, ஆயிரம் ரூபா பாக்ஸ் எம்மாத்திரம். இங்கிலாந்துலயும் இதே மாதிரி ஃப்ரீசாட்னு ஒரு இலவச சாட்டிலைட் சர்வீஸ் 2008ல பிபிசியும் ஐடிவியும் சேந்து ஆரம்பிச்சாங்க, அங்க எச்டி பாக்ஸ்ல ஆரம்பத்துலயே ஈதர்நெட் போர்ட் (நெட் வயர் சொருகற எடம்) வச்சு, அப்புறம் ஐபிளேயர்ங்கற பிபிசியோட நெட் வீடியோ சர்வீஸ அவங்களே முறையா கொண்டுவந்தாங்க. நம்ம ஊர்ல டிஷ் பக்கம் மட்டும்தான் தூர்தர்ஷன் பொறுப்பு, நெட் பக்கம் பாக்ஸ் விக்கறவன் பாடு உங்க பாடு.

அப்படி நின்னு போனா சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிப் பாக்கலாம். இங்கதான் அந்த போட்டோ வேணும். சிப் ஒண்ணா இருந்தாலும் போர்டு வேற இருந்தா ஃபைல் வேற, வெளியில பாக்க ஒரே மாதிரி இருக்கற ரெண்டு பாக்ஸுக்குள்ள வேற வேற போர்டு இருக்கும். தப்பான ஃபைல் போட்டா சிவப்பு லைட் மட்டும் எரியும், அப்புறம் கம்ப்யூட்டர்ல இருந்து கேபிள் போட்டு சாஃப்ட்வேர ஏத்தறவங்க கடைக்குத்தான் போகணும். பென்டிரைவ ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி ஃபைல மட்டும் போடுங்க, ஏறி முடியற வரைக்கும் கரண்ட் போகக் கூடாது, அதனால பவர் கட் நேரத்துல இத ஆரம்பிக்காதீங்க. பழைய சாஃப்ட்வேர பேக்கப் எடுக்க மெனுல வழி இருந்தா மொதல்ல அத எடுத்துக்கங்க. அப்புறம் இன்னொண்ணு, யூடியூப் ஓடறப்ப பாக்ஸ் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுதுன்னா சாஃப்ட்வேர திட்டாதீங்க, அடாப்டர பாருங்க. எல்என்பிக்கும் டாங்கிளுக்கும் சேத்து கரண்ட் குடுக்க முடியாம திணறும். எங்களோடதுல 12 வோல்ட் 1 ஆம்ப் இருந்துச்சு, அதே 12 வோல்ட்ல 2 ஆம்ப் மாத்தினதும் அந்த வியாதி போயிருச்சு.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார் லோகோவ பத்தி ஒரு வார்த்தை. அதெல்லாம் பூட்டு போட்ட வீடியோ, அவங்க சர்டிஃபை பண்ண மெஷின்லதான் சாவி இருக்கும், இந்த பாக்ஸ்ல கெடையாது, எந்த அப்டேட் போட்டாலும் வராது. சில கடைல "ஒரு வருஷத்துக்கு 500 குடுங்க, ஒரு கோட் போட்டுத் தரேன், எல்லா பே சேனலும் வரும்"பாங்க. அது திருட்டு சர்வர், சட்டப்படி தப்பு, காசு கட்டின மறுவாரமே சர்வர் படுத்தா கேக்க நாதி கெடையாது.

அதனால என் கணக்கு இதுதான், பாக்ஸ டிஷ்ஷுக்கு மட்டும் வச்சுக்கிட்டு யூடியூபுக்கு தனியா ஒரு டிவி ஸ்டிக் (டிவியோட எச்டிஎம்ஐல சொருகி நெட் ஆப் ஓட்டற குச்சி) வாங்கிருங்க, வைஃபை பாக்ஸுக்கு கூட குடுக்கற காசையும் டாங்கிள் காசையும் அதுல போடுங்க. பாக்ஸ் எச்டிஎம்ஐ ஒண்ணுல, ஸ்டிக் ரெண்டுல. மழைக்கு டிஷ் சிக்னல் போனாலும் ஸ்டிக் ஓடும், நெட் தீந்தாலும் டிஷ் ஓடும். ஆண்ட்ராய்டு டிவி ஸ்டிக்கா இருந்தா பிரசார் பாரதி 2024 நவம்பர்ல விட்ட வேவ்ஸ் ஆப்பையும் போட்டுக்கலாம், தூர்தர்ஷன் சேனல் லைவாவே அதுல வருது. டிவி பழைய டப்பா டிவியா, எச்டிஎம்ஐயே இல்லையான்னா எச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர்னு கேட்டு வாங்குங்க, ஏவி டு எச்டிஎம்ஐன்னு ஒண்ணு விக்கும் அது நேர் எதிர், பாக்க அச்சு அசல் ஒண்ணா இருக்கும், நான் மாத்தி வாங்கிட்டு வந்து திரும்ப பஸ் ஏறினவன். அதுக்கு தனியா யூஎஸ்பி பவரும் குடுக்கணும்.

கடைசியா ரிமோட். பெரியம்மாவுக்கு மூணு ரிமோட், குழம்பிப் போயிருவாங்க. பாக்ஸ் ரிமோட்ல சிவப்பு இன்சுலேஷன் டேப், ஸ்டிக் ரிமோட்ல பச்சை, டிவி ரிமோட்ல சோர்ஸ் பட்டன் மேல மட்டும் ஒரு மஞ்சப் பொட்டு ஒட்டிட்டு வந்தேன். இப்ப போன் பண்ணா "மஞ்ச அமுக்கி பச்சைக்கு வந்துட்டேன்டா, வை போன"ங்கறாங்க.