டிஎன்ஏ யாருடையது என்று செல் கேட்பதில்லை

வைரஸ் நுழைந்ததும் செல் எப்படி உஷாராகிறது என்று விளக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள்: "அந்நிய டிஎன்ஏவைச் செல் அடையாளம் கண்டுகொள்கிறது." அப்படியெல்லாம் இல்லை. இந்தக் காவலைப் பார்க்கும் சீகாஸ் நொதிக்கு எழுத்து வரிசையைப் படிக்கத் தெரியாது. இரட்டை இழையின் சர்க்கரை-பாஸ்பேட் சட்டத்தைத்தான் அது பற்றுகிறது. பிடிபட்டது ஹெர்பிஸ் வைரஸின் இழையா, நம்முடையதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசம் என்ற செல் கூழில் டிஎன்ஏ கிடந்தால் அது குற்றம், அவ்வளவுதான்.

அதனால்தான் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து நம் சொந்த டிஎன்ஏ கசிந்தாலும் அதே மணி அடிக்கிறது. சிதறிய டிஎன்ஏவைத் துண்டாக்கி அகற்றும் ட்ரெக்ஸ்1 நொதி பிறவியிலேயே பழுதானால் வருவது ஐகார்டி-குட்டியேர் நோய். வைரஸே இல்லாமல், கருவிலேயே வைரஸ் தொற்றியது போன்ற பாதிப்பு குழந்தையின் மூளையில் தெரியும்.

சரி, உட்கருவில் இரண்டு மீட்டர் டிஎன்ஏ இருக்கிறதே, அங்கே ஏன் மணி அடிப்பதில்லை? "சீகாஸ் அங்கே போகாது" என்று எழுதுவது அடுத்த தவறு. போகிறது, தாராளமாகவே இருக்கிறது. ஆனால் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரத உருளைகள் சீகாஸை இறுகப் பிடித்து வேலை செய்ய விடுவதில்லை. 2020-இல் வெளியான மூலக்கூறுப் படங்களில் இந்தப் பிடியை நேராகவே பார்க்கலாம்.

சீகாஸே போய், எச்சரிக்கையை அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் ஸ்டிங் புரதத்தைத் தட்டி எழுப்புவதாகப் படம் வரைவதும் உண்டு. நடுவில் ஒரு தூது இருக்கிறது. செல்லில் இருக்கும் ஏடிபி, ஜிடிபி என்ற இரு மூலக்கூறுகளை வளையமாகக் கோத்து சீகாம்ப் என்ற சிறு மூலக்கூறைச் சீகாஸ் செய்கிறது. அது ஸ்டிங்கில் ஒட்டிய பிறகுதான் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் புரதம் வரை சேதி போகும். டல்லஸில் சிஜியன் சென் குழு 2012 டிசம்பரில் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. இந்தத் தூது அடுத்தடுத்த செல்களை இணைக்கும் நுண்குழாய்களான இடைவெளிச் சந்திகள் வழியாகப் பக்கத்துச் செல்லுக்கும் நழுவிப் போகும் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் கை வைக்கும் முதல் செல் ஹெக்293டி என்ற மனித செல் வகை. எளிதாக வளரும், டிஎன்ஏவை லட்டு மாதிரி வாங்கிக்கொள்ளும். ஆனால் எவ்வளவு டிஎன்ஏ ஏற்றினாலும் இன்டர்ஃபெரான் அளவு அசையாது. கை பிசகியதோ என்று மறுபடி மறுபடி செய்து பார்ப்பார்கள். அந்தச் செல்லில் சீகாஸும் இல்லை, ஸ்டிங்கும் கிட்டத்தட்ட இல்லை. இரண்டும் உள்ள டிஹெச்பி1 என்ற மனித ரத்தப் புற்றுச் செல்லில் செய்து பாருங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, எலியில் கிடைத்த முடிவை அப்படியே மனிதருக்கும் நம்புவது. டிஎம்எக்ஸ்ஏஏ என்ற மருந்து எலிகளில் புற்றுக்கட்டியைக் கரைத்தது. மனிதர்களின் நுரையீரல் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. அது எலியின் ஸ்டிங்கில் ஒட்டும், மனித ஸ்டிங்கில் ஒட்டாது என்பது தெரிந்தது 2013-இல்தான். சோதனை அதற்கு முன்பே முடிந்திருந்தது.